இடது கைக் கத்தரி

அக்கா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "காட்டனா, சாட்டினா?"

முதல் தடவை கேட்டபோது, புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று வெளியே வந்து போர்டைத் தேடினேன். போர்டு கிடையாது. தாராவியில் ஒரு கல்லியின், அதாவது சந்தின், கடைசி அறை, தகரக் கூரை, மூன்று தையல் மெஷின், சுவரோடு சுவராகத் துணிக்கட்டுகள். நான் செம்பூர்க்காரன். ஹோட்டல் விருந்துக்கும் மாநாட்டுக்கும் மேடை, நாற்காலி, பூ, மேஜைக் கொடி என்று சப்ளை செய்கிறவன். மைக்கில் "ஹலோ, ஹலோ" சொல்வதைத் தவிர வேறு எதற்கும் மேடையேறாத ஆள். அன்றைக்கு எனக்கு நேபாளத்துக் கொடி வேண்டியிருந்தது. மற்ற நாட்டுக்காரர்களெல்லாம் செவ்வகத்தோடு திருப்திப்பட்டபோது, ரெண்டு முக்கோணம்தான் வேண்டும் என்று அடம்பிடித்த கொடி அது. அதைக் கோணாமல் தைக்க பம்பாயில் அக்காதான் என்றார்கள்.

"எதுக்குன்னு சொல்லும்" என்றாள். "விருந்துக்குன்னா சாட்டின். பளபளன்னு நிக்கும். எரிக்கதுக்குன்னா காட்டன்."

"எரிக்கதுக்கா?"

"பின்னே? சாட்டின் உருகிக் கையில ஒட்டிக்கிடும். போன தடவை ஒரு கட்சிக்காரனுக்கு விரல் வெந்துபோச்சு. அந்த நாட்டைத் திட்ட வந்தவன் என்னைத் திட்டிட்டுப் போனான். காட்டன்னா மரியாதையா எரியும்."

மரியாதையாக எரியும். இந்த வாக்கியத்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைகிட்டே இனிமே போகாதீங்க" என்றாள். அவள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்.

அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அக்காவும் யார் பெயரையும் சொல்ல மாட்டாள். நாடுகளுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் வேறு. இலங்கை, சிங்கக்காரி. பங்களாதேஷ், பொட்டுக்காரி. பூட்டான், பாம்பு வீடு. நேபாளம், மேட்டு வீடு. பாகிஸ்தான் பெரிய பிறை, மாலத்தீவு குட்டிப் பிறை. நம் நாடு மட்டும் வெறுமனே "பெரிய வீடு". கேட்டால், ஏதோ நம்ம தென்காசிப் பக்கத்துத் தெரு ஒன்றில் பங்காளிச் சண்டை நடப்பது போலத்தான் இருக்கும். "இந்த வாரம் பெரிய வீட்டுக்கும் மேட்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆனா பொங்கச் சோறு போகும், பாரு."

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் பேச்சை அல்ல, கையை.

அக்காவுக்கு ரெண்டு கையும் ஓடும். சாட்டினை வலது கையால் வெட்டுவாள். காட்டனை இடது கையால் வெட்டுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெட்டும்போது துணியைப் பார்க்க மாட்டாள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை சௌக்கியமா, சுகர் குறைஞ்சுதா" என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். கத்தரி தன்பாட்டுக்குப் போகும். இடது கை வெட்டுகிறபோது வலது கை மடியில் மல்லாந்து கிடக்கும், அடுத்த வீட்டில் அடிதடி நடக்கும்போது தூங்குவதுபோல நடிக்கிற ஆள் மாதிரி.

எனக்கு அந்த வலது கையைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும். வெட்டுகிற கையையாவது நம்பலாம்.

அடுத்த அறையில் காதர் பாய் தோல் பை தைத்தார். கடையநல்லூர்க்காரர். அந்த கல்லியில் சொந்தமாகத் தண்ணீர்க் குழாயும் மோட்டாரும் அக்காவிடம் மட்டும்தான். அதனால் கல்லிக்கு அவள்தான் பெரிய வீடு. ஒருமுறை காதர் பாயின் மனைவி சயான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அக்கா மெஷினை மூடிவிட்டுப் பக்கத்திலேயே கிடந்து கஞ்சி ஊட்டினாள், தலை வாரினாள், நர்ஸோடு சண்டை போட்டுப் போர்வை வாங்கிக் கொடுத்தாள். அதே வாரத்தில்தான் ரெண்டு அறைக்கும் பொதுவான நடைபாதையில் தகரம் அடித்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள்.

காதர் பாய் என்னிடம் சொன்னார்: "அங்கே போனா என் வீட்டுக்காரிக்கு வாய் துடைச்சு விடுதா. இங்கே வந்தா என் வாசல் அரை அடி குறைஞ்சு கெடக்கு. நன்றி சொல்லணுமா சண்டை போடணுமான்னு புரியலே, அண்ணாச்சி. ரெண்டையும் செஞ்சேன். ரெண்டையும் சிரிச்ச முகமா வாங்கிக்கிட்டா."

நான் அக்காவிடமே கேட்டுவிட்டேன், பாதி விளையாட்டாக. அதற்குள் அவள் என்னை "ஏல" என்று கூப்பிடுகிற அளவுக்கு ஆகியிருந்தது.

"ஏல, இதிலே என்ன குழப்பம்? பக்கத்து வீடு நல்லாயிருக்கணும். ஆனா நம்மளைக் கேக்காம நல்லாயிரப்பிடாது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு எனக்குச் சாயா ஊற்றினாள். வலது கையால்.

அக்காவின் இந்தத் தத்துவத்தை நான் வீட்டு டிவியோடு ஒத்துப் பார்க்க ஆரம்பித்தது என் கெட்ட காலம். பக்கத்து வீட்டாருக்கே முதல் மரியாதை என்பார்கள். திடீரென்று ஒருநாள் அவர்களுக்குப் போகிற வெங்காயத்தை நிறுத்துவார்கள். தடுப்பூசியை வாழ்த்தோடு அனுப்பினோம். பிறகு நமக்கே பற்றவில்லை என்று கையை மடக்கிக்கொண்டோம். நம் மீனவர்களைச் சிங்கக்காரி பிடித்துக்கொண்டு போனால் கண்டனம். அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் கப்பலில் அரிசி. இதில் எது பொய் என்று கேட்டால், எதுவும் பொய்யில்லை. அதுதான் தொந்தரவு. ஒரே நாளில் மாட்டுங்காவில் நம் ஆட்கள் சிங்கத்தை எரிக்கக் காட்டன் வாங்கிப் போனார்கள், நான் கோட்டைப் பக்கத்து ஹோட்டல் விருந்துக்கு அதே சிங்கத்தைச் சாட்டினில் வாங்கிப் போனேன். வாசலில் ஒருவருக்கொருவர் வழி விட்டு, "வரட்டுமா அண்ணே" என்று சொல்லிக்கொண்டோம்.

இன்னொன்று. ஆர்டர் வருவதற்கு முன்பே அக்கா வெட்ட ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் போயிருந்தபோது இடது கை பச்சைத் துணியில் சிவப்பு வட்டம் வைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தது. "பொட்டுக்காரிக்கு யார் ஆர்டர்?" என்றேன். "இன்னும் வரலே. கை அரிக்கு" என்றாள். நான் சிரித்தேன். "இடது உள்ளங்கை அரிச்சா காசு போகும்னுதானே சொல்வாங்க, ஊரே போயிருமா?" அடுத்த வாரம் செய்தியில் எல்லைக் கம்பிவேலி, கூச்சல், தூதரை அழைத்துக் கண்டிப்பு எல்லாம் வந்தது. காட்டன் கட்டு அன்றைக்கே விற்றுப்போனது. நான் எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன்: பொம்பளை டிவி பார்க்கிறாள், யூகிக்கிறாள். ஆனால் அவள் பட்டறையில் டிவி இல்லை. போனும் பட்டன் போன்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரே மகள். நர்ஸ். மாலத்தீவில், மாலேயில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. கடலுக்குள் கைக்குட்டை விரித்த மாதிரி ஒரு ஊர். வேலை கிடைத்தபோது நான் செம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் லட்டு கொடுத்தேன். அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வரும்போது அழுதது நான் இல்லை, டாக்ஸி ஏசியில் கண் உறுத்தியது.

ஒரு மத்தியானம் அக்காவிடம் நாற்காலி ரிப்பன் வாங்கப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். தரையில் சிவப்புத் துணி. நடுவில் பச்சைச் செவ்வகம். அதன் மேல் வெள்ளைப் பிறையை வெட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள். குட்டிப் பிறை. கத்தரி இடது கையில்.

எனக்குப் பயம் வந்தால் தகவல் முதலில் வயிற்றுக்குத்தான் போகும், மூளைக்குப் பிறகுதான் சொல்வார்கள். "அக்கா," என்றேன், "யார் ஆர்டர் இது?"

"இன்னும் வரலேல."

"அங்கே ஒரு சண்டையும் இல்லையே. எல்லாரும் தேனிலவுக்கு அங்கேதானே போறான்?"

"எனக்கென்ன தெரியும். அரிக்கு." என் முகத்தையே பார்த்தாள். கத்தரி நிற்கவில்லை. "உம் பிள்ளை அங்கேதானே இருக்கு? சௌக்கியமா?"

சோடாக் கடையில் இஞ்சி சோடா குடித்தேன். இன்னொன்று குடித்தேன். வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பை ஒரு காலில் மட்டும் கழற்றிக்கொண்டு, மகளுக்குப் போன் போட்டேன்.

"உடனே கிளம்பி வா."

"என்னப்பா, அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லே. அக்கா காட்டன் வெட்டுதா."

"அம்மாகிட்டே குடுங்க" என்றாள். நான் கொடுத்தேன். என் மனைவி போனில் சொன்னது ஒரே வரி: "ஆமா, உங்கப்பாவுக்கு ஆரம்பிச்சுட்டு."

சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், குடும்பத் தலைவன் என்ற முறையில். அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. யாரோ அங்கே என்னவோ எழுதினான், யாரோ இங்கே திருப்பி எழுதினான். டிவியில் எட்டுக் கட்டத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அங்கே போகாதே, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு என்று எங்கள் குடியிருப்பு சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் ஒரே வீரம். அங்கே, இந்தியாவே வெளியே போ என்று கோஷம். அதற்கு நடுவில், முட்டையும் அரிசியும் வழக்கம்போல் அவர்களுக்கு அனுப்பலாம் என்று சர்க்கார் அனுமதி கொடுத்தது. கோபத்தோடு முட்டை அனுப்புவது எப்படி என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி.

மகளிடம், "அங்கே உன்னை யாரும் எதுவும் சொல்றாங்களா?" என்று கேட்டேன்.

"யாருக்குப்பா நேரம் இருக்கு? 'சிஸ்டர், உங்க ஊர்லேருந்து மருந்து எப்போ வரும்'னுதான் கேக்காங்க. நான் கிளம்பிட்டா என் வார்டை யார் பாப்பா? நீங்க பயப்படுங்க, எனக்கும் சேத்துப் பயப்படுங்க. ஆனா வரச் சொல்லாதீங்க."

பயப்படும் வேலையை நான் நன்றாகவே செய்தேன். அதற்குள் ரெண்டு ஆர்டரும் வந்துவிட்டன. ரெண்டும் ஒரே சாயங்காலத்துக்கு. செம்பூரில் ஒரு கூட்டம் குட்டிப் பிறையை எரிக்கப் போகிறது. தெற்கு பம்பாய் ஹோட்டலில் குட்டிப் பிறை நாட்டு வியாபாரிகளுக்கு நம் வியாபாரிகள் விருந்து கொடுக்கிறார்கள். விருந்து என்னுடையது. "வீட்டுக்குப் போற வழிதானேல, இதையும் குடுத்திரு" என்று அக்கா எரிக்கிற கொடிக் கட்டையும் என் தலையில் கட்டினாள். ரெண்டு கட்டும் ஒரே மராத்திப் பேப்பரில் சுற்றி, ஒரே சணல் போட்டு, ஒரே முடிச்சு.

செம்பூரில் ஒரு கட்டை இறக்கிவிட்டு டாக்ஸியில் போகிறேன். பைகுல்லா தாண்டும்போது வயிற்றுக்குத் தகவல் வந்தது: இறக்கியது எந்தக் கட்டு?

மாறிப்போயிருந்தால் என்ன ஆகும் பாருங்கள். எரிக்கிறவன் கையில் சாட்டின் உருகி ஒட்டும். விருந்து மேஜையில் எரிக்கிற துணி நிற்கும். அங்கே என் மகளுக்கு... அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் இல்லை. ஹோட்டலின் பின்வாசலில் இறங்கிக் கட்டைப் பிரித்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். பயத்தில் என் விரலுக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தது. அக்கா சொல்லிக் கொடுத்த வித்தை ஞாபகம் வந்தது: ஒரு நூலை உருவிக் கொளுத்து; சாட்டின் என்றால் நுனி மணி மாதிரி உருளும், காட்டன் என்றால் சாம்பல். உருவினேன். தீப்பெட்டியை உரசினேன்.

"ஏ அங்கிள்! க்யா ஜலா ரஹே ஹோ?"

என்னத்தைக் கொளுத்துகிறாய் என்கிறான் செக்யூரிட்டி. விருந்தாளி நாட்டுக் கொடியை ஒரு கையிலும் எரிகிற குச்சியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, விருந்து காண்ட்ராக்டர் அவன் முன்னால் நிற்கிறேன். "அகர்பத்தி" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே இதுதான் கேவலமானது. அவன் என் கழுத்தில் தொங்கிய பாஸைப் பார்த்தான், என் வழுக்கையைப் பார்த்தான், பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே போகச் சொல்லி, "அந்தர் ஜாவ்" என்றான்.

நுனியில் சாம்பல்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "கட்டு மாறிப்போச்சு அக்கா! விருந்துக்குக் காட்டன் வந்திருக்கு!"

"மாறலேல" என்றாள். பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டது. "ரெண்டுமே காட்டன்தான்."

"ஏன்?"

"வலது கை எந்திரிக்கலே. ரெண்டையும் இடது கையே வெட்டிட்டு."

வேறு வழியில்லாமல் அதையே மேஜையில் வைத்தேன். நம் கொடிக்கும் அவர்கள் கொடிக்கும் நடுவே இருந்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தேன். ஹோட்டல் மேனேஜர் துணியைத் தொட்டுப் பார்த்து, "கைத்தறியா? வெரி நைஸ்" என்றார். விருந்து நடந்தது. சூப் வருகிற நேரத்தில், விருந்தாளிகளில் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற எனக்கும் தெரிந்தது. செம்பூரில் எரிகிறது. பிறை கடைசியில் கருகியது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எதிரே நின்ற சின்னக் கொடியின் ஓரத்தை ரெண்டு விரலால் பிடித்து, கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"லோக்கல் துணியா?" என்று கேட்டார், மரியாதையாக.

"யெஸ் சார்" என்றேன். "தாராவி."

அன்றைக்குப் பிறகு அக்கா அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டாள். யார் வந்தாலும், எந்த நாடானாலும், எதற்கானாலும் காட்டன்தான், இடது கைதான். வலது கை கத்தரியைத் தொடவே இல்லை. சாயா கொடுக்கும், கும்பிடும், காதர் பாய் பேரனுக்கு மிட்டாய் நீட்டும். அவ்வளவுதான். என் விருந்துகளில் மெழுகுவர்த்தி வைப்பதை நிறுத்திவிட்டேன். பேட்டரி விளக்கு. ஏன் என்று கேட்டால், சுற்றுச்சூழல் என்பேன்.

கொஞ்ச காலத்தில் அந்த கல்லியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று அளந்து, சுவரில் நம்பர் எழுதிப் போனார்கள். அக்கா எல்லாருக்கும் முன்னால் காலி செய்தாள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் தகரத்தைத் தானே பிடுங்கி, காதர் பாய்க்கு அவருடைய அரை அடியைத் திருப்பிக் கொடுத்தாள். தண்ணீர் மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு நான் கடைசியாகக் கேட்டேன். "எல்லார் கொடியும் வெட்டுறீயே, நம்ம கொடியை யார் அக்கா வெட்டுவா?"

"அதுக்கு அங்கங்கே ஒருத்தி இருப்பால்ல. ஒவ்வொரு பக்கத்து வீட்டுலேயும்."

"அவ எதுக்கு வெட்டுதான்னு எப்படித் தெரியும்?"

"துணியை வச்சுச் சொல்ல முடியாது. நம்ம கொடி பொறந்ததே காட்டன். கையைத்தான் பாக்கணும்" என்றாள்.

இதெல்லாம் பழைய கதை. குட்டிப் பிறையோடு சண்டை தணிந்துவிட்டது. கை குலுக்குகிறார்கள், மாலை போடுகிறார்கள். எங்கள் சொசைட்டி குரூப்பில் அன்றைக்கு வீரம் பேசியவரே இப்போது தேனிலவுப் பேக்கேஜ் விளம்பரம் போடுகிறார். என் மகள் அங்கேயேதான் இருக்கிறாள். நானும் பயப்படுவதை வாரத்துக்கு ஒருநாள் என்று குறைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். யூனிஃபார்மைச் சின்னதாக்கத் தையல் கடைக்கு வந்திருக்கிறாளாம். "இந்தத் தெருவைப் பாருங்கப்பா, எவ்வளவு சுத்தம்" என்று போனைச் சுற்றிக் காட்டினாள். சைக்கிள், ஸ்கூட்டர், நீலச் சுவர். பிறகு கடைக்குள்ளே. தரையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண் காவித் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளை, பச்சை.

"நம்ம ஊர்லேருந்து யாரோ பெரிய ஆள் வாராங்களாம்ப்பா. வரவேற்பாம். தெரு பூரா கட்டப் போறாங்க."

"நல்லது" என்றேன். "போனைக் கொஞ்சம் கீழே இறக்கு."

"எதுக்குப்பா?"

"இறக்கு, தாயி."

இறக்கினாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். துணியை இல்லை, என்னை. சௌக்கியமா என்று கேட்பது போலச் சிரித்து, வலது கையைத் தூக்கி அன்பாக ஆட்டினாள்.

கத்தரி வெட்டிக்கொண்டே இருந்தது.